சார்ட்டில் போட்ட ஏழு டிக்

ஏழு கட்டங்களில் டிக் போட்டேன். ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் என் மனைவியின் பெயரின் முதலெழுத்தை எழுதினேன். அந்த ஏழு வேளையிலும் குஞ்சுகளுக்கு நான் ஒரு சொட்டு இரை கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஏஞ்சல் மீன்குஞ்சுகள் தொட்டியின் அடியில் தூசிபோலக் கிடந்தன. காரணம் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்பிப் பார்த்திருக்கிறேன். எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். மீனின் கருவளர்ச்சிப் பாடம் வந்தால் வண்ணச் சாக்கட்டிகளை எடுத்துக்கொண்டு போவேன். முட்டைக்குள் கறுப்பாய்க் கண் புள்ளி, சுருண்ட வால், வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பை என்று பலகை முழுக்க வரைவேன். அதை அழிக்க மனமில்லாமல் அடுத்த வகுப்பு ஆசிரியர் பலகையின் ஓரத்தில் எழுதிப் பாடம் நடத்தியதுண்டு. ஆனால் உயிருள்ள ஒரு குஞ்சைக்கூட நான் வளர்த்து ஆளாக்கியதில்லை. என் குஞ்சுகளெல்லாம் ஃபார்மலின் சீசாக்களில் இருந்தன.

ஓய்வுபெற்ற பிறகு செங்கல்பட்டில் ஓர் அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினோம். கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்து ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் விட்டேன். ஜோடி நன்றாகவே முட்டையிட்டது. நான்கு முறை இட்டது. நான்கு முறையும் குஞ்சு பொரிந்து, துடித்து, நீந்தத் தொடங்கிய சில நாட்களில் எல்லாம் செத்தன. கரண்ட் போனதைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், கடைசியில் ஜோடியையே குறை சொன்னேன். உண்மை வேறு. காலையில் பேப்பர் படித்த பிறகு ஒரு முறையும் மாலைக் காபிக்குப் பிறகு ஒரு முறையும்தான் இரை போடுவேன். மதியம் தூங்குவேன். ஊசிமுனை அளவு வயிற்றில் எத்தனை மணி நேரத்துக்கு இரை நிற்கும் என்பதை வகுப்பில் நானேதான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் மாடியில் ஒரு பெண்மணி குடிவந்தார். பச்சைக்குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனி ஆள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. வந்த மறுநாளே எங்கள் கூடத்துக்கு வந்து தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா சார், இதுங்க குட்டி போடுமா?”

“முட்டை போடும். தானே தின்றுவிடும். உதவாத ஜோடி. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள்.”

அவர் சிரித்தார். “பெத்தவள உதவாதவன்னு சொல்லாதீங்க சார். எட்த்துனு போறேன்.”

இப்படித்தான் என் ஜோடி என் கையாலேயே மாடிக்குப் போனது.

அடுத்த மாதம் அவை அங்கே முட்டையிட்டன. சிஸ்டர் ஒரு பழைய சிலேட்டைச் சாய்த்து வைத்திருந்தார். முட்டைகள் அதில் ஒட்டியதும் சிலேட்டோடு தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றினார். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் நாளுக்குள் ஆர்டீமியா தயாராக இருந்தது. அது உப்புநீரில் பொரிக்கும் பொடி இறால். முட்டை டப்பாவில் கடையில் கிடைக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே காற்றுக் குழாயை விட்டால் ஒரே நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொரிந்து மிதக்கும். கல்லுப்புக் கரைசல் போதும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஞாயிறு ஜெபம் முடிந்ததும் மாமல்லபுரம் பஸ் ஏறி, இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். “கடல் தண்ணில வுட்டா அதுங்களுக்குச் சொந்த ஊடு மாதிரி சார், நல்லாப் பொறியுது,” என்றார். நன்றாகத்தான் பொரிந்தது.

அதோடு ஒரு சார்ட் இருந்தது. அட்டையில் கிளிப் போட்ட தாள். காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, மாலை ஆறு. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம். சிரிஞ்சில் இரையை உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி, குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு டிக் போட்டு, கொடுத்தவர் தன் பெயரின் முதலெழுத்தை எழுத வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அவர் முப்பது வருடம் செய்த வேலை அது. மீனுக்கென்று அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

முதல் ஈட்டிலேயே நூற்றுக்கு மேல் பிழைத்தன. நாணயம் அளவுக்கு வளர்ந்து, துடுப்பு விரித்து நின்றன. கட்டடமே போய்ப் பார்த்தது. கேட்டில் உட்காரும் காவலாளி ஒருநாள் என்னை நிறுத்தினார்.

“இன்னா சார், உங்க மீனு மேல போய்ப் புள்ள பெத்துக்கிச்சாமே. கீழ இருந்தப்ப இன்னா பேஜாரு அதுக்கு?”

நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண்ணாடியில் பார்த்துத்தான் அதை எடுத்தேன்.

எல்லாவற்றையும் விட என் மனைவி மாடிக்குப் போகத் தொடங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் தொட்டிப் பக்கம் அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. இப்போது ஒன்பது மணி ஃபீடுக்கும் மூன்று மணி ஃபீடுக்கும் மாடியேறினாள். அவித்த முட்டையின் மஞ்சள்கருவைத் தன் பழைய பருத்திப் புடவைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். சிஸ்டரோடு வந்து என் ஆய்வக லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சிரிப்பது என் தலைக்கு மேல் கேட்கும். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் கோயில் ஊரில் பிறந்தவன், மூன்று தலைமுறையாய்ப் படிப்பு உள்ள குடும்பம். சிஸ்டரின் அம்மா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர். அதை சிஸ்டரே பெருமையாகச் சொல்வார். ‘இவளுக்குப் போய் இது வாய்த்ததே’ என்று ஒரு மதியம் படுத்தபடியே நினைத்தேன். எழுதக் கூசுகிறது. நினைத்தேன் என்பதால் எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் சிஸ்டரின் அண்ணன் மகனுக்கு மதுராந்தகத்தில் கல்யாணம். மூன்று நாள் போக வேண்டும். அப்போதுதான் இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. தன் வீட்டு மாற்றுச் சாவியை என் மனைவியின் கையில் வைத்தார்.

“நான் பார்த்துக்கொள்கிறேனே,” என்றேன்.

“சார்கிட்ட வுட்டா லெக்சர் குடுப்பாரு அக்கா, ஃபீட் குடுக்க மாட்டாரு,” என்றார் சிஸ்டர். இருவரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

முதல் நாள் ஐந்து வேளையும் என் மனைவி போனாள். ஐந்து டிக், ஐந்து எழுத்து. இரண்டாம் நாள் விடியும்போது அவளுக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

“ஏங்க, நீங்க போய் ஊத்திட்டு டிக் போட்டுட்டு வாங்க. மறந்துடாதீங்க, பட்டினி கிடந்தா தாங்காதுங்க.”

போனேன். சிரிஞ்சில் இரையை எடுத்து அலசினேன். தொட்டியின் முன்னால் நின்றபோது குஞ்சுகள் மொத்தமாகக் கண்ணாடிப் பக்கம் வந்தன. ஆள் நிழல் விழுந்தால் சாப்பாடு என்று அதற்குள் பழகியிருந்தன. என் தொட்டியில் ஒரு குஞ்சும் அப்படி என்னைத் தேடி வந்ததில்லை. நான் சிரிஞ்சைக் கவிழ்க்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இரையை வீணாக்கவும் மனம் வரவில்லை. கீழே கொண்டுவந்து ஜோடி போன பிறகு என் தொட்டியில் வாங்கி விட்டிருந்த நாலைந்து மீன்களுக்கு ஊற்றினேன்.

திரும்ப மாடிக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். என் எழுத்தைப் போட வேண்டும். கை கூசியது. பொய்க்குப் பக்கத்தில் என் பெயரை வைக்கக் கூசிய அந்தக் கை, மேல் வரிசையில் இருந்த அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அதேபோல் எழுதியது.

ஒன்பதுக்குப் போனேன், பன்னிரண்டுக்குப் போனேன், மூன்றுக்கும் ஆறுக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் இந்த வேளை கொடுத்துவிடலாம் என்றுதான் படியேறினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்ணாடிப் பக்கம் பாதிதான் வந்தன. ஒன்பதுக்கு ஒன்றும் வரவில்லை. ஏழாவது டிக்கைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

மதியம் சிஸ்டர் வந்தார். கல்யாணப் புடவையோடு நேராக மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைச் சாசர். அதில் கொஞ்சம் தண்ணீர், நாலைந்து குஞ்சுகள்.

“வயித்துல ஒண்ணுமே இல்ல சார். கண்ணாடி மாதிரி கீது. சாப்ட்ட குஞ்சுன்னா வயிறு ஆரஞ்சா இருக்கும். அக்கா எங்க?”

“தூங்குகிறாள்,” என்றேன்.

காய்ச்சல் என்று சொல்லவில்லை. அவர் என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். என்ன நினைக்கிறார் என்பது தெரிந்தது. நினைக்கட்டும் என்று விட்டேன்.

“சாவி குடுங்க சார்.”

கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து, காய்ச்சல் விட்ட உடம்போடு என் மனைவி மாடியேறினாள். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“எனக்குக் காய்ச்சல், அவர்தான் வந்து ஊத்தினார்னு சொன்னேன். ‘சார்ட்ல உங்க எழுத்துதானே கீது அக்கா, சார் மேல ஏன் போடறீங்க’ன்னு கேக்கறாங்க. எடுத்துக் காட்டினாங்க. என் எழுத்துதாங்க. நான் எப்பப் போட்டேன்?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மாடிப்படி பதினெட்டுத்தான். அதைவிட்டு நான் சொன்னது இது: “ஜுரத்தில் நீயே எழுந்து போயிருப்பாய். நான் இரண்டு வேளைதான் போனேன் என்று நினைக்கிறேன். உனக்கு ஞாபகம் இல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். சந்தேகம் என் மேல் விழவில்லை, அவள் மேலேயே விழுந்தது. அவளுடைய அம்மா கடைசி ஐந்து வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து இறந்தவர். அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு மாடியில் சிரிப்புச் சத்தம் இல்லை. சிஸ்டர் ஜோடியை வைத்துக்கொண்டார், ஆனால் முட்டைகளை எடுத்து வைப்பதை விட்டுவிட்டார். என் மனைவி மதியங்களில் வீட்டிலேயே இருந்தாள். நான் விரும்பியது அதுதானே. கிடைத்தது. அவள் ஒரு சின்ன நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள். ‘கேஸ் அணைத்தேன்.’ ‘மாத்திரை போட்டேன்.’ ‘பால்காரர் வந்தார்.’ குளித்துவிட்டு வந்து, குளித்தேனா என்று நோட்டைப் பார்த்தாள்.

“எனக்கு ஆரம்பிச்சுடுச்சுங்க,” என்றாள் ஒருநாள், காய் நறுக்கிக்கொண்டே. அழவில்லை. காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. மழை பிடித்த பிறகு அவளே டாக்டரிடம் நேரம் கேட்டாள். நான் துணைக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். மூன்று சொற்கள் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்: சாவி, வாழைப்பழம், ரயில். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

“தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்போது, எழுபத்திரண்டு…”

என்னால் கூட அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியாது. மூன்று சொற்களையும் திருப்பிச் சொன்னாள். கடிகாரம் வரைந்தாள்.

“அம்மா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு. எதை மறந்தீங்கன்னு பயப்படறீங்க? ஒண்ணு சொல்லுங்க.”

அவள் மீன்குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சல், சார்ட், ஏழு டிக், தன் எழுத்து. “குடுக்காமலே குடுத்ததா எழுதியிருக்கேன் டாக்டர். அந்தப் பொண்ணு என்னை நம்பிச் சாவி குடுத்துட்டுப் போச்சு. எழுதினதுகூட எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க கூட இருந்தீங்களா? எழுதினதைப் பார்த்தீங்களா?”

“அவள் எழுதவில்லை,” என்றேன். “நான்தான் எழுதினேன்.”

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். நான் மிச்சத்தையும் சொன்னேன். சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க,” என்றார்.

ஆட்டோ கொளவாய் ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. தூறல் உள்ளே அடித்தது. அவள் தார்ப்பாயை இறக்கவில்லை. ஏரி முடியும் இடத்தில்தான் பேசினாள்.

“எங்கம்மா மாதிரி ஆயிடுவேனோன்னு ஆறு மாசமா எத்தனை நாள் தூங்காம கிடந்தேன். நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க.”

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் மறுபடி சொன்னாள்.

“மேல போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன். நீங்களே உங்க வாயால சொல்லணும்.”

நனைந்த சட்டையோடு மாடியேறினேன். சிஸ்டர் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “எத்தினி ஃபீட் சார்?” என்றார்.

“ஏழு.”

அலமாரி இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். வைத்திருந்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“ஏழுதான். கணக்கு கரெக்டா கீது.” தாளை மடியில் வைத்துக்கொண்டார். “குஞ்சு செத்துச்சு, அது போவட்டும் சார். வார்டுல எங்க கையிலயே எத்தினியோ போயிருக்கு. ஆனா, நாங்க எழுதி வெச்சத நம்பித்தான் அடுத்த ட்யூட்டி ஆளு புள்ள மேல கைய வெப்பா. தூக்கம் வந்து ஃபீட வுட்டவங்கள பாத்திருக்கேன். வுட்டுட்டேன்னு எழுதுவாங்க, திட்டு வாங்குவாங்க. குடுத்தேன்னு எழுதுன ஆள இப்பதான் பாக்கறேன்.”

“உங்கள் மேல் பொறாமை, சிஸ்டர்.”

“அது தெரியும் சார். லென்ஸ குடுக்கும்போதே உங்க மூஞ்சி சரியில்ல.” எழுந்து செருப்பை மாட்டினார். “என் பேஜாரு அது இல்ல. அக்காவப் போய் பொய் சொல்றவங்கன்னு நெனச்சிட்டனே. ஆறு மாசம் படில பாத்தா மூஞ்ச திருப்பிகினு போனேன்.”

என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். என் பழைய ஜோடி அந்தத் தொட்டியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை காலம் கீழேயிருந்து மேலே கேட்டவன், அன்றைக்கு மேலேயிருந்து கீழே கேட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ அழும் சத்தம். அது அவளா இவரா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமையும் இல்லை.

என்னால் செய்ய முடிந்த பரிகாரம் சின்னது. மறுபடி முட்டை எடுத்து வையுங்கள், கடல் தண்ணீர் நான் கொண்டுவருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து சிஸ்டர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை தோறும் ஐந்து லிட்டர் கேன் இரண்டோடு மாமல்லபுரம் பஸ் ஏறுகிறேன். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மொள்ளும்போது, அங்கே மீன் கழுவும் பெண்கள் விடமாட்டார்கள்.

“இன்னா தாத்தா, கடல வூட்டுக்கு எட்த்துனு போறியா?”

“கொஞ்சம்தாம்மா.”

“பாத்து, மிச்சம் வெச்சிட்டுப் போ. நாங்க பொழைக்க வேணாமா?”

கேன்களோடு மாடியேற மூச்சு வாங்கும். யாரும் கைகொடுக்க வருவதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

புது ஈட்டுக்குப் புதுச் சார்ட் போட்டார்கள். பாட்டில் கழுவுவதும் இரையை அலசுவதும் சொட்டு விடுவதும்கூட என் வேலை. பேனா மட்டும் என் கைக்கு வராது. “சார், நீங்க ஊத்துங்க. அக்கா பாத்துட்டு டிக் போடுவாங்க,” என்று முதல் நாளே சிஸ்டர் சொல்லிவிட்டார். நான் இரை விட்டு முடித்ததும் என் மனைவி என் ஆய்வக லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, வயிறு ஆரஞ்சாகும்வரை காத்திருந்து பார்ப்பாள். அந்த லென்ஸை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கற்றிருந்தாள். பார்த்துவிட்டு எழுதுவாள். அந்த ஈட்டில் பெரும்பாலும் பிழைத்தன.

அவர்கள் இருவரும் மறுபடி சிரிக்கிறார்கள். முன்புபோல இல்லை, கொஞ்சம் அடக்கமாக. கேட்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சில் ஒரு முள் அசைகிறது. போய்விட்டது என்று எழுதினால் அது எட்டாவது டிக் ஆகிவிடும்.

என் மனைவி அந்தச் சின்ன நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தன் ஞாபகம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வெளியே கிளம்பும்போது, “கேஸ் அணைச்சீங்களா?” என்று கேட்டாள்.

“அணைத்துவிட்டேன்,” என்றேன். உண்மையாகவே அணைத்திருந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.